டெஸ்க்டாப் மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரியா?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். சித்தி மகளிடமிருந்து போன். "அண்ணே, தமிழ் வரமாட்டேங்குது. எதைத் தட்டினாலும் இங்கிலீஷ்தான் வருது." நாட்டார் தெய்வங்கள் பற்றி ஆய்வு செய்கிறாள். மறுநாள் காலையில் மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். கடைசி ஆறேழு பக்கம் பாக்கி.

குற்றவாளி நான்தான். அன்று சாயங்காலம்தான், "உன் மடிக்கணினி பழசு, 4 ஜிபி நினைவகம், க்னோம் அதுக்குக் கனம். எக்ஸ்எஃப்சிஇ போட்டுக்கோ, ஒரே ஒரு வரிதான்" என்று வாட்ஸப்பில் கட்டளையை அனுப்பியிருந்தேன். அவளும் போட்டாள். இறங்கியது. வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். திரை மாறியிருந்தது, வேகமும் கொஞ்சம் கூடியிருந்தது, தமிழ் போய்விட்டது.

போனிலேயே அரைமணி நேரம் முட்டி மோதினோம். எனக்கும் அப்போது காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அவள் மிச்சப் பக்கங்களைக் கைப்பேசியிலேயே தட்டி, தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பி, காலையில் எடுத்து ஒட்டிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

காரணம் மறுநாள் புரிந்தது. தெரிந்தவர்களுக்கு அது சாதாரண விஷயம்தான். உபுண்டுவில் க்னோமுக்குள் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும்போது நாம் போவது க்னோமின் அமைப்புகள் பக்கத்துக்கு. அங்கே தேர்ந்தெடுப்பதை க்னோம் தன் சொந்தப் பட்டியலில் எழுதி வைக்கிறது. பின்னால் வேலை செய்வது ஐபஸ் என்ற உள்ளீட்டுப் பொறிதான், ஆனால் எந்த மொழி, எந்த முறை என்று அதற்குச் சொல்வது க்னோம். ஐபஸுக்கு என்று தனியாக இன்னொரு பட்டியல் இருக்கிறது. க்னோம் அதைத் தொடுவதில்லை. எக்ஸ்எஃப்சிஇக்குள் போனதும் க்னோமின் பட்டியலைப் படிக்க ஆள் இல்லை. ஐபஸ் ஓடினாலும் தன் பட்டியலைத்தான் பார்க்கும், அதில் தமிழ் கிடையாது. பொறி இருந்தது, தமிழ்99 தொகுப்பும் வட்டில் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பேசிவைத்துக்கொண்ட ஆள் மட்டும் வீட்டை விட்டுப் போயிருந்தார். ஐபஸின் விருப்பங்கள் சாளரத்தைத் திறந்து, தமிழ்99-ஐச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் ராத்திரி பதினொன்றரைக்கு யாருக்கும் கிடைக்காது.

இதைப் பற்றி யோசித்தபோதுதான் டெஸ்க்டாப் சூழல்களைப் பற்றி நாம் எழுதுகிற விதத்தின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. 'நாம்' என்றால் நானும் சேர்த்துத்தான். 'சிறந்த பத்து டெஸ்க்டாப்புகள்' வகைக் கட்டுரை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாலு திரைப்படம், நினைவகம் இவ்வளவு சாப்பிடுகிறது என்று ஒரு எண், விண்டோஸ் மாதிரி இருக்கும், மேக் மாதிரி இருக்கும், பழைய கணினிக்கு நல்லது. கடைசியில், பிடிக்கலைன்னா மாத்திக்கோங்க, லினக்ஸ்ல அதுதானே சுதந்திரம்! சட்டை மாற்றுவது மாதிரி. அந்த நினைவக எண்ணை எடுப்பதும் பெரும்பாலும் எதையும் திறக்காத வெறுந்திரையில். உலாவியைத் திறந்து நாலு தாவல் போட்டதும் டெஸ்க்டாப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை உலாவி ஒரே வாயில் விழுங்கிவிடும். சித்தி மகளுக்குக் கிடைத்த வேகம் பொய் இல்லை, 4 ஜிபி கணினியில் அந்தக் கொஞ்சமும் பெரிசுதான். ஆனால் அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

டெஸ்க்டாப் சூழல் என்பது சட்டை இல்லை, ஒரு குடித்தனம். அது எதற்காகத் தொடங்கியது என்று பார்த்தாலே தெரியும். 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிஷ் என்ற ஜெர்மன் மாணவர் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அவருடைய குறை எளிமையானது: யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒட்டுவதில்லை, சாதாரணப் பயனருக்கு என்று ஒருங்கிணைந்த சூழல் இல்லை. சாளர மேலாளர்கள் அப்போதே வேண்டிய மட்டும் இருந்தன. இல்லாதது உடன்பாடு. எழுத்துரு என்ன, கோப்பை இருமுறை சொடுக்கினால் எது திறக்கும், கடவுச்சொல்லை யார் பூட்டி வைப்பார், எந்த விசை மொழியை மாற்றும். இதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்கிற ஏற்பாடுதான் டெஸ்க்டாப் சூழல். மறு ஆண்டே, கேடிஇ நம்பியிருந்த க்யூட் நூலகத்தின் உரிமம் அப்போது முழுச் சுதந்திர உரிமமாக இல்லை என்பதால், மிகெல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். ஆக உடன்பாடு இரண்டாயிற்று.

ஒரு கணினியில் இரண்டாவது டெஸ்க்டாப்பை நிறுவுகிறோம் என்றால் இரண்டு உடன்பாடுகளை ஒரே வீட்டில் குடிவைக்கிறோம். நிரல்கள் தனித்தனி, ஆனால் வீட்டு அடைவு ஒன்றே. அங்கேதான் தகராறு.

மூன்று இடங்களைச் சொல்கிறேன். நான் பட்ட இடங்கள்.

முதலில் தோற்றம். கேடிஇக்குள் நுழைந்தால், க்னோம் வகை நிரல்களும் தன்னைப் போலவே தெரியட்டும் என்று அது ஜிடிகேவின் அமைப்புக் கோப்புகளை உங்கள் வீட்டு அடைவில் எழுதுகிறது. நல்லெண்ணம்தான். பிறகு க்னோமுக்குத் திரும்பினால் அந்தக் கோப்புகள் அங்கேயே இருக்கும். பொத்தான் ஒரு மாதிரி, சாளர விளிம்பு வேறு மாதிரி என்று அரைகுறை வேஷம். கேடிஇயை முழுக்க நீக்கினாலும் போகாது. தொகுப்பு மேலாளர் வீட்டு அடைவுக்குள் கை வைப்பதில்லை, வைக்கவும் கூடாது.

இரண்டாவது கடவுச்சொல். இதுதான் ஆளைப் பயமுறுத்துவது. குரோமியம் வழி வந்த உலாவிகள் எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்று பார்த்து, கேடிஇ என்றால் கேவாலட்டிடமும் க்னோம் என்றால் க்னோம் கீரிங்கிடமும் சாவியைக் கேட்கும். டெஸ்க்டாப் மாறினால் சாவி வேறு. சேமித்த கடவுச்சொற்கள் தெரியாது, உள்நுழைந்திருந்த தளங்களிலிருந்தெல்லாம் வெளியே தள்ளப்பட்டிருப்போம். எதுவும் அழியவில்லை, பழைய டெஸ்க்டாப்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் அது யாருக்குத் தெரியும்? கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஃபயர்ஃபாக்ஸ் தன் கடவுச்சொற்களைத் தானே வைத்துக்கொள்கிறது, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. நான் ஃபயர்ஃபாக்ஸிலேயே இருப்பதற்குச் சித்தாந்தக் காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் பாதிக் காரணம் இது.

மூன்றாவது, எந்தக் கோப்பை எது திறக்கும் என்பது. படத்தைச் சொடுக்கினால் நேற்றுவரை ஒன்று, இன்று வேறொன்று. இது எரிச்சல், அவ்வளவுதான். விட்டுவிடலாம்.

இதெல்லாம் சொல்வதால் டெஸ்க்டாப்பை மாற்றவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்ற விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, சில சமயம் காரணத்தை மேலேயிருந்து நம் தலையில் இறக்குவார்கள். 2011 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே மாதத்தில் க்னோம் 3 வந்தது, உபுண்டு யூனிட்டிக்குத் தாவியது. கீழே இருந்த சாளரப் பட்டியல் போனது. க்னோம் 3-இல் சாளரத்தைச் சுருக்கும் பொத்தானைக்கூட இயல்பில் எடுத்துவிட்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸே அந்த வருஷம் வெளிப்படையாகக் குறைசொல்லிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போனார் (பிற்பாடு க்னோமுக்குத் திரும்பியது வேறு கதை). க்னோம் 2 வேண்டும் என்றவர்கள் அதன் மூலநிரலை எடுத்து மாட்டே என்று தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட்காரர்கள் சின்னமனைச் செய்தார்கள். பயனரைக் கேட்காமல் வீட்டை இடித்துக் கட்டினால் பயனர் வெளியேறத்தான் செய்வார். அந்த உரிமை இல்லாவிட்டால் லினக்ஸ் எதற்கு?

என் சண்டை வேறு. எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. தமிழில் நாள் முழுக்கத் தட்டுகிற ஒருவரின் மேசையில் இவற்றை வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிப்போகிறது.

முதலில் ஒரு விளக்கம். தமிழ்99 முறையில் 'க'வை இருமுறை தட்டினால் முதல் 'க'வுக்குத் தானாகப் புள்ளி விழும். மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய்யாகும், அதே விசையைச் சொல்லின் தொடக்கத்தில் தட்டினால் தனி உயிராக நிற்கும். இதற்கு முன்னால் என்ன தட்டினோம் என்ற நினைவு வேண்டும். லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை வரைபடத்துக்கு அந்த நினைவு கிடையாது. ஒரு விசை, ஒரு எழுத்து, அவ்வளவுதான். அதனால் பட்டியலில் தமிழ்நெட் '99 என்ற பெயரோடு இருக்கும் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், புள்ளி விழலையே என்று குழம்புவார்கள். நமக்கு வேண்டியது எம்17என் வழியாக வரும் தமிழ்99. அதற்கு ஐபஸோ எஃப்சிஐடிஎக்ஸோ ஓடியே ஆக வேண்டும். ஆகவே எனக்கு ஒரு டெஸ்க்டாப்பின் முதல் தேர்வுத்தாள் இதுதான்: உள்ளீட்டுப் பொறியை அது எப்படி நடத்துகிறது?

இந்தத் தாளில் க்னோம் முதல் மதிப்பெண் வாங்குகிறது. எழுதுவதற்கே கஷ்டமாக இருக்கிறது, எனக்கு க்னோமைப் பிடிக்காது. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பு வைக்கக்கூட 2018-இல் வழியை அடைத்தார்கள், அதற்கு முந்தின வருஷம் மூலையில் இருந்த அறிவிப்புத் தட்டை எடுத்தார்கள். இரண்டையும் உபுண்டு நீட்சிகள் போட்டு ஒட்டிக் கொடுக்கிறது. ஆனால் உள்ளீட்டு விஷயத்தில், ஐபஸ் என்ற பெயரே தெரியாமல் ஒருவர் தமிழில் தட்ட ஆரம்பிக்கலாம். மொழிகளின் பட்டியலைத் திற, தமிழைத் தேடு, சேர். வேலண்டா எக்ஸ்11ஆ என்ற கேள்விகூட அவர் காதில் விழாது. சித்தி மகள் மூன்று வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தட்டினாள் என்றால் காரணம் அது. அதன் மறுபக்கம்தான் அன்று ராத்திரி நடந்தது. எல்லாவற்றையும் க்னோமே மறைவாகப் பார்த்துக்கொண்டதால், வெளியே வந்ததும் என்ன தொலைந்தது என்று சொல்லக்கூட அவளிடம் வார்த்தை இல்லை.

கேடிஇ பிளாஸ்மா இதற்கு நேரெதிர். எதையும் மறைக்காது, எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் வேலண்ட் அமர்வில் ஐபஸை இயக்க எங்கே போக வேண்டும் தெரியுமா? 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற பக்கத்துக்கு. திரையில் தோன்றும் தொடு விசைப்பலகைக்கான இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேசையில் நிஜ விசைப்பலகையை வைத்துக்கொண்டு தமிழ் தட்ட நினைக்கிறவர் அந்தப் பெயரைப் பார்த்து உள்ளே போகமாட்டார். உள்ளே தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது, இரண்டும் ஒரே நெறிமுறை வழியாக வருகின்றன. அது நிரலாளர்களின் நியாயம், பெயர்ப்பலகை எழுத அது போதாது. நூறு அமைப்புகளைத் திறந்து வைத்துவிட்டு நமக்கு வேண்டிய ஒன்றுக்கு வேறு பெயர் எழுதி வைத்தால், அதற்கும் மறைப்பதற்கும் என்ன வித்தியாசம்? கட்டமைப்பில் கேடிஇ இன்று மிக நல்ல நிலையில் இருக்கிறது, 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-க்குப் பிறகு என் மேசைக் கணினியில் அதுதான். ஆனால் சீன, ஜப்பானிய, தமிழ்ப் பயனர்கள் எல்லாருக்கும் தினம் வேண்டிய ஒன்றை இப்படி ஓரத்தில் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

எக்ஸ்எஃப்சிஇ ஒன்றும் செய்யாது. கெடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. உள்ளீட்டுப் பொறி உங்கள் பொறுப்பு. இம்-கான்ஃபிக் என்ற கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஐபஸின் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டால் அப்புறம் வருஷக்கணக்கில் அசையாது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். தெரியாதவர்களுக்கு இது நேர்மையாகத் தெரியாது, கைவிட்டதாகத்தான் தெரியும். மாட்டேயும் ஏறக்குறைய இதே ரகம். சின்னமனைப் பற்றி எழுத எனக்குப் போதுமான பழக்கம் இல்லை.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தால் எப்படிச் செய்வது? நான் சித்தி மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நிறுவவே வேண்டாம். அந்த டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பை ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கி ஒரு சாயங்காலம் வேலை செய்து பாருங்கள். வட்டு தொடப்படாது. அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் அன்றாட வேலையைச் செய்யுங்கள். தமிழில் ஒரு பத்தி தட்டுங்கள். லிப்ரே ஆபிஸில் ஒன்று, உலாவியில் ஒன்று, முனையத்தில் ஒன்று. ஜிடிகே நிரலில் வரும் தமிழ் க்யூட் நிரலில் வராமல் போவது உண்டு.

பிடித்திருந்தால், நிறுவும் முன் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்துவிடுங்கள். எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, இதுதான் மிக மலிவான பாதுகாப்பு. புதுக் கணக்குக்குப் புது வீட்டு அடைவு. இரண்டாவது டெஸ்க்டாப்பில் அந்தக் கணக்கில் மட்டும் நுழைந்து பாருங்கள். அது எழுதுகிற கோப்புகள் எல்லாம் அங்கேயே விழும், உங்கள் பழைய வீட்டில் ஒரு தூசிகூட நகராது. ஒரு வாரம் கழித்து முடிவு செய்யலாம். டைம்ஷிஃப்ட் வைத்திருக்கிறேன், எனக்கென்ன பயம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இயல்பில் வீட்டு அடைவை விட்டுவிடும். அமைப்பைத் திருப்பித் தரும், நான் மேலே சொன்ன தகராறுகளைத் திருப்பாது.

நிறுவும்போது நடுவில் முனையத்தில் ஒரு பெட்டி வந்து, ஜிடிஎம்மா லைட்டிஎம்மா என்று கேட்கும். நுழைவுத் திரையை யார் காட்டுவது என்ற கேள்வி அது. எதைத் தேர்ந்தாலும் இரண்டு டெஸ்க்டாப்புக்குள்ளும் போகலாம். ஆனால் க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பியிருக்கிறது. க்னோமையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஜிடிஎம்மிலேயே விடுங்கள்.

அப்புறம் வெளியேறும் வழி. நிறுவியது ஒரு வரி என்பதால் நீக்குவதும் ஒரு வரி என்று நினைப்போம். நிறுவும்போது நாம் கேட்டது ஒரு தொகுப்பின் பெயர், அது இழுத்துக்கொண்டு வந்தது நூற்றுக்கணக்கில். அந்தப் பெயரை மட்டும் நீக்கினால் கூட வந்தவர்களில் பலர் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் வேறு ஏதோ ஒன்று அவர்களைப் பரிந்துரைத்திருக்கும், அதனால் தானியங்கித் துப்புரவும் தொடாது. ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவேட்டில் அன்று என்னென்ன இறங்கின என்று முழுப் பட்டியல் இருக்கும். நிறுவிய அன்றே அதை நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மறந்தவர்கள் இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு முனையம், மூன்று பட நோக்கி என்று காலம் தள்ள வேண்டியதுதான். என் பழைய கணினி அப்படித்தான் செத்தது.

இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. உபுண்டு 25.10-இல் க்னோமின் எக்ஸ்11 அமர்வை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலண்ட் இன்னும் சோதனை நிலையில்தான். இதுவரை எக்ஸ்11 என்ற பொதுத் திண்ணை இருந்ததால் உள்ளீட்டுப் பொறி எந்த டெஸ்க்டாப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நுழைந்துவிடும். வேலண்டில் ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தன் வாசலைத் தானே வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பை மாற்றினால் தமிழ் என்னவாகும் என்ற கேள்வி இனிமேல் கூடத்தான் செய்யும்.

சித்தி மகள் இப்போது எக்ஸ்எஃப்சிஇயில்தான் இருக்கிறாள். வேகம் பிடித்திருக்கிறதாம். நெறியாளர் மூன்றாம் இயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கைப்பேசியில் தட்டிய பக்கங்களில் மட்டும் ஒற்றுப்பிழை அதிகம் என்று சிவப்பு மையில் எழுதி. அடுத்த மாதம் அவள் உபுண்டுவைப் புதுப்பிக்க வேண்டும். நேரில் போய்த்தான் செய்துகொடுக்கப் போகிறேன், நான்காம் இயலைக் கொடுத்து முடித்த பிறகு.